நடப்பு விகிதம் ஒன்றுக்குக் கீழே என்றால் மின்வாரியம் மூழ்குகிறதா?

கோவைக்கணக்கன்:
பிளஸ் டூ கணக்குப்பதிவியலிலேயே படித்ததுதான், நடப்பு விகிதம், அதாவது ஒரு வருடத்துக்குள் பணமாகும் நடப்புச் சொத்தை ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டிய நடப்புப் பொறுப்பால் வகுத்தது, 2:1 இருக்க வேண்டும். ஒரு மின் விநியோக நிறுவனத்துக்கு அது ஒன்றைக்கூடத் தொடவில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டியது வர வேண்டியதைவிட அதிகம் என்றுதானே அர்த்தம்? நம் மின்வாரியப் பேச்சு வந்தால் மட்டும் ஏன் எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள்?

மின்கம்பத்தடி:
அந்த 2:1 ஜவுளிக்கடைக்குச் சரி. விற்காத துணி அலமாரியில் தூங்கும், அதனால் இரண்டு மடங்கு கேட்கிறார்கள். மின்சாரத்தில் விற்காமல் தேங்கும் சரக்கு ஏது? பில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள், அதனால் வசூலும் ஓரளவு உறுதி. அமெரிக்காவில் நல்ல பெயருள்ள மின் நிறுவனங்கள் பலவே ஒன்றுக்குக் கீழேதான் ஓடுகின்றன.

கோவைக்கணக்கன்:
வசூல் உறுதி, சரி, எப்போது? எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங். முதல் நாள் ஓடிய ஃபேனுக்கு அறுபதாவது நாள் கணக்கு, அதற்குமேல் கட்ட 20 நாள் அவகாசம். சராசரி போட்டால் 30 நாளும் 20 நாளும் சேர்ந்து 50 நாள் பணம் வெளியே நிற்கிறது. மின்சாரம் வாங்கி விற்கும் சந்தையான எக்ஸ்சேஞ்சில் கரண்ட் வாங்கினால் பணத்தை முதலில் வைக்க வேண்டும்.

மின்கம்பத்தடி:
பாருங்கள், நீங்களே நாள்கணக்குக்கு வந்துவிட்டீர்கள், நான் சொல்வதும் அதுதான். விகிதத்தில் அது தெரியாது. மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 மின்சாரச் சட்டம் 65-ஆம் பிரிவு மாநில அரசு மானியத்தை முன்கூட்டியே தர வேண்டும் என்கிறது. தாமதமானால் அந்தப் பாக்கி நடப்புச் சொத்தாக உட்கார்ந்து விகிதத்தை உயர்த்திக் காட்டும், ஆனால் அதைக் காட்டி நிலக்கரி வாங்க முடியுமா?

பழைய ஏ.இ.:
குறுக்கே ஒரு விஷயம். இணைப்புக்காக நுகர்வோர் கட்டிவைக்கும் டெபாசிட்டை மறந்துவிட்டீர்கள். இணைப்பு இருக்கும்வரை நுகர்வோர் அதைத் திருப்பிக் கேட்க மாட்டார், வருடா வருடம் வட்டி மட்டும் போகும். அதை நடப்புப் பொறுப்பில் போட்டால் விகிதம் சும்மா கீழே விழும்.

கோவைக்கணக்கன்:
அதையும் எடு, இதையும் எடு என்றால் கடைசியில் கடனே இல்லை என்பீர்கள் போல. 2022 ஆகஸ்ட் 18 அன்று என்ன நடந்தது? மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு வைத்த பாக்கிக்காக 13 மாநிலங்களின் விநியோக நிறுவனங்களை எக்ஸ்சேஞ்சில் வாங்க விற்க விடாமல் நிறுத்தச் சொன்னார்கள், பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது.

மின்கம்பத்தடி:
இருந்தது. ஆனால் அப்படி நிறுத்தச் சொல்லும் விதி எதைப் பார்த்தது? கெடு முடிந்து ஒரு மாதம், அல்லது பில் கொடுத்து இரண்டரை மாதம், இதில் எது பிந்தியதோ அது. அங்கேயும் நாள்தான், விகிதத்தை யாரும் கேட்கவில்லை. கையில் உள்ள ரொக்கம், வங்கிக் கடன் வரம்பில் இன்னும் எடுக்காத தொகை, இரண்டையும் கூட்டி ஒரு நாள் செலவால் வகுங்கள். எத்தனை நாள் தாங்கும் என்று அதில் தெரியும்.

கோவைக்கணக்கன்:
வகுக்கிறேன், ஆனால் மார்ச் 31 கணக்கை வைத்து வேண்டாம். வருடக் கடைசியில் எல்லாப் பணமும் வந்து சேர்ந்த ஒரு நாளின் படம் அது. ஏசி எல்லாம் ஓடித் தீர்த்து, பில் தொகை இன்னும் வசூலாகாத மே மாதக் கடைசிக் கணக்கு யாரிடமாவது இருந்தால் போடுங்கள், அப்புறம் பேசலாம்.