தென்காசிக்குப் பையில் வந்த டெட்ராக்கள்: வண்ணமீனை இணையத்தில் வாங்கலாமா, கடையில் வாங்கலாமா?

குற்றாலத்துத்தொட்டி:
சென்னையிலுள்ள ஒரு விற்பனையாளரிடம் இணையவழியில் 12 கார்டினல் டெட்ரா வாங்கினேன். வியாழன் நண்பகலில் கட்டிய பை, பேருந்துப் பார்சலாகத் தென்காசி வந்து என் கைக்குக் கிடைக்கும்போது வெள்ளி மாலை ஆறு மணி. பைக்குள் இரண்டு இறந்து கிடந்தன. இணையத்தில் படித்தபடி பையைப் பிரித்து, சொட்டுக் குழாயில் தொட்டி நீரை இரண்டு மணி நேரம் விட்டுப் பழக்கினேன். மறுநாள் மாலைக்குள் மேலும் ஏழு போய்விட்டன. பிரிக்காத பையில் இறந்தவற்றுக்கு மட்டுமே இழப்பீடு என்கிறார் விற்பனையாளர். இனி உள்ளூர்க் கடையே போதுமா?

கொளத்தூர்வாசி:
போதும் என்பதே என் கருத்து. கடையில் நான் முதலில் கேட்பது, "அண்ணே, கொஞ்சம் தீனி போடுங்க" என்பதுதான். தீனிக்கு ஓடிவராத மீனையும், செவுள் படபடக்க நீர்மட்டத்தில் நிற்கும் மீனையும், துடுப்பை ஒடுக்கிக்கொண்ட மீனையும் அந்த ஒரு நிமிடத்தில் ஒதுக்கிவிடலாம். ஒரே ஒரு மீனின் வாலில் வெள்ளைப்புள்ளி தெரிந்தாலும் அந்த வரிசைத் தொட்டி எதிலும் கை வைக்க மாட்டேன், ஏனெனில் பல கடைகளில் வரிசை முழுவதற்கும் ஒரே வடிகட்டிதான். புகைப்படத்தில் இவற்றில் எது தெரியும்?

மலையடிவாரம்:
கொளத்தூரில் தெரு முழுக்க வண்ணமீன் கடைகளோடு வாழ்பவர் அப்படிச் சொல்லலாம். எங்கள் ஊர்க் கடையில் கப்பி, மோலி, கோல்டுஃபிஷ், ஃபைட்டர், அவ்வளவுதான். அந்தக் கடை மீனும் வெளியூரிலிருந்து பையில் வந்ததுதான். இறங்கிய களைப்பு தீருமுன் இன்னொரு பையில் ஏறி உங்கள் வீட்டுக்கு வருகிறது. வளர்ப்பவரிடம் நேரடியாக வாங்கினால் ஒரே பயணம். நல்ல வளர்ப்பாளர் அனுப்புவதற்கு முன் ஓரிரு நாள் மீனைப் பட்டினி போடுவார், அதனால் பைக்குள் கழிவு குறையும். காலையில் தீனி தின்ற மீனை மாலையில் கட்டிக் கொடுக்கும் கடைக்காரரிடம் இதை எதிர்பார்க்க முடியுமா?

நீர்ச்சோதனை:
இருவரும் அந்த ஏழு மீன்களை மறந்துவிட்டீர்கள். கட்டிய பையில் மீன் விடும் மூச்சால் கரியமிலவாயு சேர்ந்து பி.எச். (நீரின் அமில, கார அளவு) இறங்குகிறது, அதாவது நீர் அமிலத்தன்மை அடைகிறது, கழிவிலிருந்து சேரும் அம்மோனியா, அந்த அமிலத்தன்மையில் பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியமாகவே இருக்கிறது. பையைப் பிரித்ததும் கரியமிலவாயு வெளியேறி பி.எச். ஏறத் தொடங்க, அதே அம்மோனியம் நஞ்சான அம்மோனியாவாக மாறுகிறது. நம் ஆழ்துளைக் கிணற்று நீர் காரத்தன்மையுடையதானால், சொட்டுச் சொட்டாக அதைக் கலக்கும்போது பி.எச். இன்னும் ஏறும். முப்பது மணி நேரப் பையில் மீனை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தது பரிவல்ல. பாவம், உங்களுக்குத் தெரிந்திருக்காது. பையைப் பிரிக்காமல் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும், பிரித்த கையோடு மீனை மட்டும் வலையில் எடுத்து, பை நீருக்கு ஒத்த பி.எச். உள்ள, புது மீனைத் தனியே வைக்கும் தனிமைத் தொட்டியில் விட்டிருக்க வேண்டும்.

கொளத்தூர்வாசி:
என் வாதத்தைத்தான் சொல்கிறீர்கள். இருபது நிமிடப் பையோடு வீடு திரும்புபவனுக்கு இந்த வேதியியலே தேவையில்லை.

மலையடிவாரம்:
தேவையில்லைதான், ஏனென்றால் அந்த நீண்ட பயணத்துப் பையை உங்களுக்குப் பதிலாகக் கடைக்காரர் பிரித்திருக்கிறார். அவர் தொட்டியில் செத்தவை நீங்கள் போகுமுன் குப்பைக்குப் போய்விட்டன. அந்த இழப்பும் சேர்ந்த விலையைத்தான் கொடுக்கிறீர்கள்.

கொளத்தூர்வாசி:
கொடுக்கிறேன், மனமுவந்தே கொடுக்கிறேன். உயிரோடிருக்கும் மீனுக்குத்தானே கொடுக்கிறேன்.

குற்றாலத்துத்தொட்டி:
இன்று திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போனேன். டெட்ரா கேட்டால் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். வந்த அன்றே தர வேண்டாம், பத்து நாள் உங்கள் தொட்டியில் வைத்திருந்து, தீனி எடுப்பதைக் காட்டிவிட்டுத் தாருங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை என்று ஆறு மீனுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். மிஞ்சிய மூன்றும் இப்போது ஜாவா பாசிக்குள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. இன்று காலையில் ஒன்று மட்டும் வெளியே வந்து தீனியைக் கவ்வியது.