சிஐ-யில் பில்ட் நேரம் இழுக்கிறது, ஒரே டேகில் பழைய கோடும் புது கோடும் ஓடுகிறது

கடைசிவரி:
நோட் ஜேஎஸ் ஆப் ஒன்றை டாக்கர் இமேஜாக (ஆப்பும் அது ஓடத் தேவையானதும் சேர்ந்த பொதியாக) பில்ட் செய்து குபெர்னெட்டிஸில் (கன்டெய்னர்களை, அதாவது ஓடும் இமேஜ்களை, பல மெஷின்களில் நிர்வகிக்கும் அமைப்பில்) ஓட்டுகிறோம். இரண்டு தொல்லை.

ஒன்று, லேப்டாப்பில் எதையும் மாற்றாமல் திரும்ப பில்ட் போட்டால் உடனே முடிகிறது. சிஐ-யில் (கோடு புஷ் ஆனதும் தானாக பில்ட் செய்யும் அமைப்பில்) அதே கமிட்டை மறுபடி ஓட்டினாலும் எல்லா பேக்கேஜும் முதலிலிருந்து இறங்குகிறது. டாக்கர்ஃபைலில் (இமேஜை எப்படிக் கட்டுவது என்ற ஃபைலில்) பெரிதாக ஒன்றுமில்லை, ஃப்ரம் நோட், அப்புறம் "காப்பி . ." (எல்லா ஃபைலையும் உள்ளே எடுப்பது), அப்புறம் என்பிஎம் இன்ஸ்டால் (பேக்கேஜ்களை இறக்கும் கட்டளை), அவ்வளவுதான்.

இரண்டாவதுதான் தலைவலி. "ஸ்டேஜிங்" என்ற ஒரே டேகில் (இமேஜுக்கு வைக்கும் பெயரில்) திரும்பத் திரும்ப புஷ் செய்கிறோம். பாட்களை (குபெர்னெட்டிஸில் கன்டெய்னர் ஓடும் அலகுகளை) டெலீட் செய்து எழுப்பினால் சிலதில் புது கோடு, சிலதில் பழசு. ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ்களை வைத்திருக்கும் சர்வரில்) புது இமேஜ்தான் இருக்கிறது. யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா?

அடுக்குமாடி:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது.

"காப்பி . ." மேலே இருக்கும்வரை எந்த ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த வரி உருவாக்கிய லேயரும் அதற்குக் கீழே உள்ள எல்லாமும் கேஷிலிருந்து போய்விடும், லேப்டாப்பிலும் அப்படித்தான், ஒரு வரி மாற்றி பில்ட் போட்டுப் பாருங்கள். பேக்கேஜ் ஜேசானையும் லாக் ஃபைலையும் (பேக்கேஜ்களின் துல்லியமான பதிப்புகள் உள்ள ஃபைல்) மட்டும் முதலில் காப்பி செய்து, என்பிஎம் சிஐ (இதுவும் ஒரு என்பிஎம் கட்டளைதான்) ஓட்டி, அதன் பிறகு மீதி கோடைக் காப்பி செய்யுங்கள். இன்ஸ்டால் வேண்டாம், என்பிஎம் சிஐ தான் லாக் ஃபைலில் இருப்பதை அப்படியே எடுக்கும். டாக்கர்இக்னோரில் (இமேஜுக்குள் போகக் கூடாதவற்றின் பட்டியலில்) நோட் மாட்யூல்ஸும் (இறக்கிய பேக்கேஜ்களின் ஃபோல்டர்) டாட் கிட் ஃபோல்டரும் கட்டாயம் இருக்கட்டும். டாட் கிட் உள்ளே போனால் ஒவ்வொரு கமிட்டுக்கும் கேஷ் உடையும், கோடு மாறாவிட்டாலும். மேக்கில் பில்ட் ஆன நேட்டிவ் மாட்யூல் லினக்ஸ் இமேஜுக்குள் போய்விட்டால் வரும் எரர் தனிக் கதை.

சிஐ-யில் எப்போதும் முதலிலிருந்து நடப்பதற்குக் காரணம், பெரும்பாலும் ரன்னர் (சிஐ-யில் பில்ட் ஓடும் மெஷின்) ஒவ்வொரு முறையும் புது மெஷின், அதில் பழைய லேயர் எதுவும் இருக்காது. பில்ட்எக்ஸில் (டாக்கரின் பில்ட் கருவியில்) கேஷ்-டு, கேஷ்-ஃப்ரம் இரண்டையும் ரெஜிஸ்ட்ரிக்குக் காட்டுங்கள். மல்டி ஸ்டேஜ் (பல கட்டமாகப் பிரித்த பில்ட்) என்றால் மோட் மேக்ஸ் போடுங்கள், இல்லையென்றால் கடைசி ஸ்டேஜின் லேயர்கள் மட்டும்தான் சேமிக்கப்படும், என்பிஎம் ஓடுகிற ஸ்டேஜ் திரும்பவும் முதலிலிருந்து. ரன் வரியில் கேஷ் மவுன்ட் (பில்ட்களுக்கு இடையே மெஷினில் வைத்திருக்கும் ஃபோல்டர்) போடச் சொல்லி யாராவது வருவார்கள், அதில் இருப்பது இந்த எக்ஸ்போர்ட்டில் சேராது, புது ரன்னரில் காலியாகத்தான் இருக்கும்.

ரோல்பேக்_ராஜா:
இரண்டாவதற்குக் காரணம் இமேஜ் புல் பாலிசி (இமேஜை ரெஜிஸ்ட்ரியிலிருந்து எப்போது இறக்குவது என்ற செட்டிங்). நீங்கள் எதுவும் எழுதவில்லை என்றால், டேக் லேட்டஸ்ட் ஆக இருந்தால் (அல்லது டேகே இல்லாவிட்டால்) ஆல்வேஸ் (எப்போதும் ரெஜிஸ்ட்ரியைக் கேட்பது), வேறு எந்த டேகாக இருந்தாலும் இஃப்நாட்பிரசென்ட் (இல்லாவிட்டால் மட்டும் இறக்குவது). அதாவது "ஸ்டேஜிங்" டேகில் ஒரு இமேஜ் ஏற்கெனவே இருக்கும் நோடில் (குபெர்னெட்டிஸ் மெஷினில், நோட் ஜேஎஸ் அல்ல) பாட் எழுந்தால், க்யூப்லெட் (அந்த நோடில் பாட்களை எழுப்பும் புரோகிராம்) ரெஜிஸ்ட்ரி பக்கமே போகாது. புது நோடில் விழுந்த பாட் மட்டும் புதுசை இறக்கும். அதனால்தான் பாதிக்குப் பாதி.

ஆல்வேஸ் போட்டால் இது அடங்கிவிடும், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். டேக் மாறாததால் டெப்ளாய்மென்ட்டில் (பாட்கள் எப்படி ஓட வேண்டும் என்ற வரையறையில்) பாட் டெம்ப்ளேட்டும் மாறாது, அதனால் அப்ளை செய்தாலும் ரோல்அவுட் (பாட்களைப் புதுசாக மாற்றுவது) நடக்காது, ரோல்அவுட் அன்டு செய்து பழசுக்குத் திரும்பவும் போக இடம் இருக்காது. கிட் கமிட் ஹாஷையே டேகாக வையுங்கள். இன்னும் கறாராக வேண்டுமென்றால் ஷா256 டைஜஸ்ட்டைக் (இமேஜின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளத்தை) குறிப்பிடுங்கள், டேகை யாரும் மேலெழுதலாம், டைஜஸ்ட்டை முடியாது.

கடைசிவரி:
வரிசை மாற்றியதும் லேப்டாப்பில் வேகம் தெரிகிறது, நன்றி. கமிட் ஹாஷ் சரி, ஆனால் ப்ரொடக்‌ஷனுக்கு ஏபிஐ முகவரி வேறு என்பதால் பில்ட் ஆர்கில் (பில்ட் நேரத்தில் தரும் மதிப்பில்) கொடுத்துத் தனி இமேஜ் பில்ட் செய்கிறோம். பிரைவேட் பேக்கேஜ் ரெஜிஸ்ட்ரிக்கான என்பிஎம் டோக்கனும் (நுழைவுச் சாவி) அதே வழியில்தான் உள்ளே போகிறது.

ரோல்பேக்_ராஜா:
டோக்கனை இன்றைக்கே மாற்றுங்கள். பில்ட் ஆர்கின் மதிப்பு டாக்கர் ஹிஸ்டரியில் (இமேஜ் கட்டப்பட்ட படிகளைக் காட்டும் கட்டளையில்) தெரியும், இமேஜை இறக்க முடிகிற எவரும் படிக்கலாம். ரன் வரியில் டைப் சீக்ரெட் மவுன்ட்டைப் பயன்படுத்தினால் அந்த ஒரு வரி ஓடும்போது மட்டும் இருக்கும், லேயரில் ஒட்டாது.

முகவரிக்காக இரண்டு இமேஜ் வேண்டாம். ஸ்டேஜிங்கில் சோதித்தது ஒன்று, ப்ரொடக்‌ஷனில் ஓடுவது இன்னொன்று என்றால் அந்தச் சோதனைக்கு என்ன மதிப்பு? முகவரியை கான்ஃபிக்மேப்பில் (குபெர்னெட்டிஸில் செட்டிங்குகளை வைக்கும் இடத்தில்) வைத்து என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுங்கள், அதே டைஜஸ்ட் இரண்டு இடத்திலும் ஓடட்டும்.

அடுக்குமாடி:
சர்வர் கோடுக்கு அது போதும். ஃப்ரன்ட்எண்ட் பண்டில் (பிரவுசருக்குப் போகும் ஜேஎஸ் தொகுப்பு) என்றால் முகவரி பில்ட் நேரத்திலேயே ஜேஎஸ்-க்குள் பதிந்துவிடும், கன்டெய்னர் எழும்போது என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்ட் ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைலை எழுதி, பக்கம் அதை முதலில் படிக்கும்படி வையுங்கள்.

கமிட்டுக்கு ஒரு டேக் என்றால் ரெஜிஸ்ட்ரி சீக்கிரம் நிரம்பும். பழசை அழிக்கும் விதி போடும்போது வயதை மட்டும் பார்க்காதீர்கள். மாதக்கணக்கில் மாறாமல் ஓடும் சர்வீஸின் இமேஜும் அதில் போய்விடும், நோடு செத்து பாட் வேறு இடத்தில் எழும்போதுதான் இமேஜ்புல்பேக்ஆஃப் (இமேஜை இறக்க முடியவில்லை) என்று தெரியவரும்.