எச்டிஆர் சேர்த்தால் முன்னால் இருக்கிற செடிகள் மட்டும் மங்குகின்றன, உதவி தேவை

முதல்கிளிக்:
வணக்கம். போன வாரம் கொழுக்குமலை போயிருந்தேன். சூர்யநெல்லியிலிருந்து ஜீப்பில் இருட்டோடு ஏறி, மேகத்துக்கு மேலே சூரியன் வரும்வரை காத்திருந்து எடுத்த படங்கள். ஒரே படமாக எடுத்தால் வானம் வெளுத்துப் போகிறது, வானத்தைக் காப்பாற்றினால் தேயிலைச் செடி கரிக்கட்டையாகிவிடுகிறது. அதனால் சாதாரணமாக ஒன்று, இருட்டாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒரே எச்டிஆர் படமாகச் சேர்த்தேன். வானம் அருமை, மலையும் சரி. ஆனால் முன்னால் இருக்கிற இலைகள் எல்லாம் மெழுகு பூசியது போல, ஓரம் இரட்டையாக வருகின்றன. ஸ்டாண்டில் வைத்துத்தான் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

கார்முகில்:
என்ன கேமரா, என்ன லென்ஸ்? ராவா (சென்சார் பதிந்தது அப்படியே), ஜேபெக்கா (கேமராவே சுருக்கிக் கொடுப்பது)? எதில் சேர்த்தீர்கள்?

மலைப்பாதை:
காற்றுதான், வேறொன்றுமில்லை. நான் மூன்று முறை அங்கே போயிருக்கிறேன், விடியும் நேரத்தில் அந்த விளிம்பில் காற்று ஆளையே தள்ளும். முதல் படத்தில் இலை ஓரிடம், மூன்றாவது படத்தில் வேறிடம், சேர்த்தால் இரட்டையாகத்தான் தெரியும். சேர்க்கும்போது அசைவை நீக்கும் வசதி ஒன்று இருக்கும், அதைக் கூட்டி வைத்துப் பாருங்கள்.

பழையரோல்:
தம்பி, இதே கேள்விக்கு நானே எத்தனையோ முறை பதில் எழுதியிருக்கிறேன், கொஞ்சம் தேடிப் படித்துவிட்டுக் கேட்கலாம். இப்போது வரும் சென்சாருக்கு எச்டிஆர் தேவையே இல்லை. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-ல் ராவாக ஒரே படம், வானம் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷர் (பதியும் வெளிச்சம்), பிறகு கம்ப்யூட்டரில் நிழலைத் தூக்குங்கள், அதாவது இருண்ட பகுதியை வெளிச்சமாக்குங்கள். அடிப்படை தெரியாமல் மூன்று படத்தை ஒட்டினால் மெழுகுதான் வரும்.

முதல்கிளிக்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். நிக்கான் டி3500, கூடவே வந்த 18-55 லென்ஸ், ராதான். அசைவை நீக்கும் வசதியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று, இரட்டை ஓரம் போகிறது, மெழுகு போகவில்லை.

தூவானம்:
ஸ்டாண்டில் வைத்தபோது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் விஆர் வசதி அணைத்திருந்ததா? எனக்கு ஒரு தடவை அதனால் மூன்று படமும் மூன்று விதமாக நகர்ந்திருந்தன. இன்னொன்று, ஆட்டோ ஃபோகஸ் ஒவ்வொரு கிளிக்குக்கும் புதிதாகத் தேடியிருக்கலாம். ஃபோகஸ் பிடித்தவுடன் மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும்.

முதல்கிளிக்:
விஆர் அணைத்திருந்தேன் அண்ணா. ஃபோகஸும் தூர மலையில் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிட்டேன்.

கார்முகில்:
டி3500-ல் தானாக மூன்று படம் எடுக்கும் பிராக்கெட்டிங் கிடையாதே! எப்படி வெளிச்சத்தை மாற்றினீர்கள்? எந்த மோடு?

பழையரோல்:
அதைத்தான் சொல்கிறேன், கேமராவிலேயே இல்லாத ஒன்றை எதற்கு முயல வேண்டும்? ஒரு ரா போதும்.

மலைப்பாதை:
ஐயா, சூரியனே படத்துக்குள் இருக்கும்போது ஒரு ரா போதாது. வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து நிழலை நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தூக்கிப் பாருங்கள், பச்சை இலை முழுக்க மணல் தூவியது போல இரைச்சல் ஏறும்.

பழையரோல்:
உங்களுக்குத் தூக்கத் தெரியவில்லை. ஒட்டுப்போட்டு எடுப்பது புகைப்படமே அல்ல. ஒரு கணம், ஒரு படம். ஃபிலிம் காலத்தில் நாங்கள் வானத்துக்கு கிராஜுவேட்டட் ஃபில்டர் (மேல்பாதி மட்டும் கறுத்த கண்ணாடி) போட்டு அங்கேயே முடித்துவிடுவோம்.

மலைப்பாதை:
ஃபிலிமுக்கும் முன்னால் போவோம். 1850-களில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் வானத்துக்கு ஒரு நெகடிவ், கடலுக்கு ஒரு நெகடிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே காகிதத்தில் அச்சிட்டார். அந்தக் கடல் படங்களைப் புகைப்படமே அல்ல என்று யாரும் தள்ளவில்லை. ஃபில்டரின் கோடும் நேர்க்கோடு, கொழுக்குமலையில் எந்த மலை நேர்க்கோட்டில் இருக்கிறது? மீசைப்புலிமலை உச்சி அப்படியே கறுத்துப்போகும்.

தூவானம்:
இரண்டு பேரும் தனி இழையில் பேசிக்கொள்ளலாமே, பாவம் அவருக்கு ஞாயிறு வந்துவிடும்.

முதல்கிளிக்:
எல்லாவற்றையும் நாமே வைக்கிற எம் மோடு. கூட்டல் கழித்தல் போட்ட பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கிற சக்கரத்தைத் திருப்பினேன். படம் நன்றாகவே இருட்டாகவும் வெளிச்சமாகவும் மாறியது. வீடியோக்களில் இந்தப் பொத்தானைத்தான் காட்டுகிறார்கள்.

கார்முகில்:
அங்கேதான் விஷயம் என்று நினைக்கிறேன். மூன்று படத்தின் விவரத்தையும் திறந்து ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸின் துளை, எஃப் எண்) இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

முதல்கிளிக்:
1/125 எஃப் 8
1/125 எஃப் 16
1/125 எஃப் 4
மூன்றும் ஐஎஸ்ஓ 100, 18 மிமீ.

கார்முகில்:
கிடைத்துவிட்டது. அந்தப் பொத்தானுக்கு இந்தக் கேமராவில் இரண்டு வேலை. ஏ மோடில் (துளையை நாம் வைப்போம், ஷட்டரைக் கேமரா வைக்கும்) அது எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கும், ஷட்டர்தான் மாறும். எம் மோடில் அதே பொத்தானும் சக்கரமும் சேர்ந்தால் அபெர்ச்சர் மாறும், சக்கரம் ஒன்றே ஒன்று இருப்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் மூன்று படங்களிலும் ஷட்டர் நகரவே இல்லை, லென்ஸின் துளைதான் திறந்து மூடியிருக்கிறது.

எஃப் எண் கூடினால் துளை சிறிது. துளை மாறினால் வெளிச்சம் மட்டுமல்ல, எந்தத் தூரத்திலிருந்து தெளிவாக விழும் என்பதும் மாறும். 18 மிமீயில் ஃபோகஸ் தூர மலையில் இருந்தால், எஃப் 16-ல் ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தெளிவு, எஃப் 8-ல் இரண்டு மீட்டர், எஃப் 4-ல் நாலு மீட்டர். உங்கள் செடி எத்தனை அடி தள்ளி இருந்தது? நாலைந்து அடி இருக்குமா? அப்படியென்றால் எஃப் 16-ல் இலை நரம்புகூடத் தெரிந்திருக்கும், எஃப் 4-ல் மங்கியிருக்கும். சேர்க்கும்போது இருண்ட பகுதிக்கான விவரம் பெரும்பாலும் வெளிச்சமான படத்திலிருந்துதான் எடுக்கப்படும், அதாவது அந்த எஃப் 4 படத்திலிருந்து. அதனால்தான் வானமும் மலையும் அருமை, செடி மட்டும் மெழுகு.

மலைப்பாதை:
அட, இது எனக்குத் தோன்றவே இல்லை. இரட்டை ஓரத்துக்குக் காற்றும் ஒரு காரணம் என்பதை மட்டும் விடமாட்டேன். அசைவை நீக்கியபோது அது போனதல்லவா?

முதல்கிளிக்:
செடி கைக்கெட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால். எஃப் 16 படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், இருட்டாக இருந்தாலும் இலை ஓரத்தில் பல் பல்லாக இருப்பதுகூடத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்ய வேண்டும்?

கார்முகில்:
எம் மோடிலேயே இருங்கள், அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம். எஃப் 8-ல் நிறுத்தி, ஃபோகஸை மலையில் வைக்காமல் இரண்டு மீட்டரில் இருக்கிற ஏதாவது ஒரு செடியில் வைத்தால் ஒரு மீட்டரிலிருந்து மலைவரை கிடைக்கும். பிறகு சக்கரத்தை மட்டும் திருப்புங்கள். ஒரு கிளிக் மூன்றில் ஒரு ஸ்டாப், ஆறு கிளிக் இரண்டு ஸ்டாப். 1/125-லிருந்து இந்தப் பக்கம் ஆறு போனால் 1/500, அந்தப் பக்கம் ஆறு போனால் 1/30. திருப்பும்போது கேமரா நகராமல் விரல் நுனியால் திருப்புங்கள், கிளிக்குக்கு 2 வினாடி டைமர் போடுங்கள். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸும் ஆட்டோவில் வேண்டாம்.

தூவானம்:
சூரியன் மேலே வந்த பிறகு இரண்டு நிமிடத்தில் வெளிச்சம் முழுக்க மாறிவிடும், மூன்றையும் மளமளவென்று எடுத்துவிடுங்கள்.

பழையரோல்:
எஃப் மாறியதை நானும் கவனிக்கவில்லை. எதற்கும் அந்த 1/500 படத்தைத் தனியாக நிழல் தூக்கிப் பாருங்கள் தம்பி, நான் சொன்னது புரியும்.

முதல்கிளிக்:
போய் வந்துவிட்டேன். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு. இலைமேல் இருந்த பனித்துளிகூடத் தனித்தனியாக வந்திருக்கிறது. கார்முகில் அண்ணாவுக்கு நன்றி, எல்லோருக்கும் நன்றி. 1/500-ஐத் தூக்கிப் பார்த்தேன் ஐயா, இலையெல்லாம் மணல்தான்.