கோ மொழி: ஸ்ட்ரக்டை ஜேசானாக மாற்றினால் வெறும் {} வருகிறது

புதுக்கோடர்:
வணக்கம். இதுவரை பைத்தான்தான், கோ மொழிக்குப் புதுசு. புத்தகப் பட்டியலுக்கு ஒரு ஸ்ட்ரக்ட் (பல தகவல்களை ஒன்றாகக் கட்டும் அமைப்பு). உள்ளே டைட்டில், ஆதர் என்று இரண்டு ஃபீல்டு, பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். பிரிண்ட் செய்தால் மதிப்புகள் சரியாக வருகின்றன. ஜேசான் என்ற தரவுப் பரிமாற்ற வடிவத்துக்கு மார்ஷல் செய்தால் (மாற்றினால்) மட்டும் {}, அதாவது காலி. எரரும் இல்லை. எங்கே தேடுவது?

அரைக்காபி:
ஃபீல்டுகளின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குங்கள். கோ மொழியில் பப்ளிக், பிரைவேட் என்று எழுதும் சொற்கள் கிடையாது. முதல் எழுத்து பெரியதாக இருந்தால்தான் அந்தப் பெயர் பேக்கேஜுக்கு (கோட் தொகுப்புக்கு) வெளியே தெரியும். ஜேசான் வேறு பேக்கேஜ் அல்லவா, உங்கள் ஃபீல்டுகளை அது விட்டுவிடும். சின்ன எழுத்தும் செல்லும் என்பதால் கம்பைலர் எதுவும் சொல்லாது. வெளியே வரும் சாவி (ஜேசானில் மதிப்புக்கு முன்னால் நிற்கும் பெயர்) சின்ன எழுத்தில் வேண்டுமானால், அந்தப் பெயரைச் சொல்லும் டேக் ஒன்றை ஃபீல்டின் பக்கத்தில் போடுங்கள்.

புதுக்கோடர்:
வந்துவிட்டது, நன்றி! அப்புறம் இன்னொன்று. டேக்கில் 'தலைப்பு' என்று தமிழில் கொடுத்தேன். கண்டுகொள்ளாமல் ஃபீல்டின் ஆங்கிலப் பெயரையே போடுகிறது. 'இலவச' என்ற டேக் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

நள்ளிரவுபக்:
பேய் இல்லை, புள்ளியும் துணைக்கால் கொம்பு வகையறாவும்தான். டேக் பெயரில் யூனிகோட் (எல்லா மொழிகளுக்குமான பொது எழுத்துக் குறியீடு) எழுத்து, எண், சில ஆஸ்கி (அடிப்படை ஆங்கிலக் கீபோர்டு) குறிகள் மட்டுமே செல்லும். யூனிகோட் கணக்கில் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்து அல்ல, ஒட்டுக்குறி. 'தலைப்பு' அதில் அடிபடுகிறது. 'இலவச' என்பதில் ஒரு குறியும் இல்லாததால் தப்பிக்கிறது.

ஃபீல்டுக்கே தமிழில் பெயர் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். 'தலைப்பு' கம்பைல் ஆகாது. 'இலவச' கம்பைல் ஆகும், ஆனால் தமிழில் பெரிய எழுத்து ஏது? எனவே அது என்றைக்கும் பிரைவேட்தான். முன்னால் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்தை ஒட்டவைப்பது ஒன்றே வழி. அது திருப்தியான தீர்வு இல்லை என்று கோ மொழியின் கேள்வி பதில் பக்கமே சொல்கிறது. பைத்தான் 3 இதே பெயர்களைப் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். எழுத்தின் அளவை அனுமதிச் சீட்டாக்கியது, அந்த வேறுபாடே இல்லாத மொழிகளை யோசிக்காமல் எடுத்த முடிவு என்பேன்.

அரைக்காபி:
ஆனாலும் பெயரைப் பார்த்ததுமே எது வெளியே தெரியும் என்று புரிகிறதே, அந்த வசதி சும்மா இல்லை. புதுக்கோடர், தமிழ்ச் சாவிதான் வேண்டுமென்றால் ஸ்ட்ரக்டுக்குப் பதில் மேப் (சாவி, மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) எடுங்கள். அதில் எந்த ஸ்ட்ரிங்கும் சாவியாகும். மார்ஷல் செய்யும்போது சாவிகள் வரிசைப்படுத்தப்படும்; 'ஆசிரியர்' முன்னால், 'தலைப்பு' பின்னால் வரும்.

புதுக்கோடர்:
மேப் போட்டேன், சரியாக வருகிறது. வரிசை பரவாயில்லை.