ஆவுளியா தின்றவன் கேட்கிறேன், உங்கள் கதை என்ன?

தொண்டிக்காரன்:

எனக்கு ஐம்பத்தாறு வயது. ஆவுளியாக் கறி கடைசியாகத் தின்றபோது பத்தோ பதினொன்றோ இருக்கும். கடற்பசு என்று புத்தகத்தில் எழுதுவார்களே, அதுதான். பிடிக்கக்கூடாது என்ற சட்டம் 1972லேயே வந்துவிட்டது. எங்கள் கரைக்கு அது நடந்து வந்து சேரத்தான் பல வருஷம் ஆனது.

அப்பாவுக்குத் திருக்கை வலைத் தொழில். சாயங்காலம் போட்டு விடியலில் வாங்குவார்கள். ஆவுளியா மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய பிராணி. வலையில் சுற்றிக்கொண்டால் சில நிமிஷத்தில் முடிந்துவிடும், அதனால் பெரும்பாலும் செத்துத்தான் வரும். அன்றைக்கு வந்தது உயிரோடு இருந்தது. கரையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் துடைப்பக் குச்சி மாதிரி முரட்டு மயிர். மூக்கைத் திறந்து ‘உஸ்ஸ்’ என்று மூச்சு விடும், உடனே மூடிக்கொள்ளும். அவ்வளவு பெரிய உடம்புக்குக் கோலிக்குண்டு போல ஒரு கண். அதிலிருந்து கொழகொழவென்று ஏதோ வழிந்தது. அப்பத்தா என் தலையைப் பிடித்துத் திருப்பி, “அழுவுதுடா, அங்கிட்டு பாரு” என்றாள்.

அது அழுகை இல்லையாம். தண்ணீரை விட்டு வெளியே கிடக்கும்போது கண் காயாமல் இருக்கச் சுரக்கும் பசை. இது எனக்குத் தெரிய நாற்பது வருஷம் ஆனது.

பனையோலையில் கூறு போட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு கூறு வந்தது. திரும்பு என்று சொன்ன அதே அப்பத்தாதான் மிளகு அரைத்தாள். ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் நடுவில் ஒரு ருசி. நன்றாக இருந்தது, அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

இப்போது அக்கா மகன் வலையில் ஒன்று மாட்டியது. வலையை அறுத்து விட்டுவிட்டான். வனத்துறை கூப்பிட்டு சான்றிதழும் கொஞ்சம் பணமும் கொடுத்தது. எங்களுக்கு வடக்கே அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரை 2022ல் ஆவுளியாவுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அது ஆடு மாதிரி வருஷா வருஷம் ஈனாது. வயிற்றில் ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருஷம் ஆகும். தின்றால் மிஞ்சாது. அது எனக்குப் புரிகிறது.

“மாமா, போகும்போது ஒரு தடவை திரும்பிப் பாத்துச்சு” என்றான். மூச்செடுக்கத் தலையைத் தூக்கியிருக்கும், வேறென்ன. ஆனால் அவன் அப்படிச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை.

என் சந்தேகம் இதுதான். சட்டம் அதைக் காப்பது எண்ணிக்கை குறைந்ததால். எனக்கு உறுத்துவது அந்தக் கண்ணால். அந்தக் கண்ணீரும் கண்ணீரில்லை. அப்படியென்றால் எதற்கு உறுத்துகிறது? உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

சங்குகுளி:

அண்ணே, நான் சங்கு குளிக்கிறவன், மன்னார் வளைகுடா பக்கம். சங்கு கெடைக்காத நாள்ல பேய்க்கணவாய் எடுப்போம், எட்டுக் கை இருக்குமே, ஆக்டோபஸ், அதான். நீங்க ஆவுளியாவுக்கு அழுகறீங்க, பேய்க்கணவாய்க்கு அழுக ஆளே இல்ல. மூஞ்சி அப்படி.

பாருக்குள்ள, கடலடிப் பாறையில, அதோட பொந்தைக் கண்டுபிடிக்கறது லேசு. வாசல்ல நண்டு ஓடும் சிப்பியும் குவிஞ்சு கெடக்கும், தின்னுட்டு வெளிய தள்ளுன குப்பை. கம்பிய விட்டா ஒரு கையை மட்டும் நீட்டி கம்பியத் தடவிப் பாக்கும். குத்துறதுக்கு முன்னாடி அது நம்மள சோதிக்குது. அப்பறம் நெறம் மாறும், கல்லு நெறம், செவப்பு, வெளுப்பு. மணிக்கட்டுல சுத்திக்கிச்சுன்னா வட்ட வட்டமாத் தழும்பு, நாலு நாளைக்குப் போகாது.

ஒரு தடவை ஐஸ் பெட்டியில போட்டு மேல பலகைய வச்சேன். கரைக்கு வந்து பாத்தா பெட்டி காலி. வள்ளத்துக்குள்ள தேடுனா டீசல் கேனுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கு, கேன் என்ன நெறமோ அதே நெறத்துல. நியூசிலாந்துல நேப்பியர்ங்கிற ஊர்ல காட்சிக்கு வச்சிருந்த ஒண்ணு, இங்கின்னு பேராம், 2016ல தொட்டிய விட்டு எறங்கி வடிகால் குழாய் வழியா கடலுக்கே போயிடுச்சுன்னு பையன் போன்ல காட்டுனான். உலகமே வாயப் பொளந்துச்சாம். எனக்கு டீசல் கேன் ஞாபகம்தான் வந்துச்சு.

மூணு இதயம், நீல ரத்தம், மூளை நரம்புல பாதிக்கு மேல கையிலயே இருக்கு. இதெல்லாம் படிச்ச பெறகும் எடுத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரே ஒரு தடவை கை தயங்குச்சு. பொந்துக்கு உள்கூரையில அரிசிமணி கோத்த மாதிரி முட்டைச்சரம் தொங்குது. தாய் அடியில இருக்கு. கம்பிய விட்டேன், வெளிய வரல. கையை நீட்டல, நெறமும் மாத்தல. முட்டைய மறைச்சுக்கிட்டு என்னயவே பாத்துச்சு.

வடகடல் அக்கா:

நான் இலங்கையிலை மன்னாரிலை பிறந்தனான். எங்கடை பக்கத்திலை ஆவுளியாவைக் கடற்பன்றி எண்டுதான் சொல்லுறது. அம்மம்மா காய்ச்சினவ, நானும் சாப்பிட்டனான். பிறகு எண்பதுகளிலை நோர்வேயின்ரை வடக்குக்கு வந்து மீன் பக்டரியிலை வேலை. அந்தக் காலத்திலை ஃபின்மார்க் பக்கம் மீன் வெட்டினதிலை எங்கடை சனம் நிறையப் பேர்.

இஞ்சை கடையிலை மின்கே திமிங்கிலத்தின்ரை இறைச்சி வாங்கலாம். ஒருநாள் கூட வேலை செய்யிற மனுசி ஒரு துண்டு தந்தவ. கருஞ்சிவப்பு, பார்க்க மாட்டிறைச்சி மாதிரியே இருந்துது. மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினன். ஈரல் வாசம் கொஞ்சம். பிழை சொல்ல ஏலாது.

2021 செப்டம்பரிலை ஃபரோ தீவிலை ஒரே நாளிலை 1,400க்கு மேலை ஓங்கிலை, டொல்பின் எண்டுறதை, கரைக்குக் கலைச்சு வெட்டினவங்கள். அதைத் தொலைக்காட்சியிலை பார்த்திட்டு அதே மனுசி சாப்பாட்டு அறையிலை கண்ணைத் துடைச்சவ. “எங்கடை ஆக்கள் திமிங்கிலத்தைக் கணக்கு வைச்சுத்தான் பிடிக்கிறவை, இது வேறை” எண்டவ. ஃபரோக்காரரும் தாங்கள் கணக்கு வைச்சிருக்கிறம், கிராமத்துக்குப் பங்கு பிரிக்கிறம் எண்டுதான் சொல்லுகினம். ஒவ்வொருத்தருக்கும் தங்கடை சட்டிக்கு ஒரு நியாயம். நான் வாய் திறக்கேல்லை. என்ரை வாய்க்குள்ளை கடற்பன்றி இருந்தது.

என்ரை மகள் சின்னனிலை ரெயின்டீர் இறைச்சி தொடமாட்டாள், கிறிஸ்மஸ் தாத்தாவின்ரை வண்டி இழுக்கிற மூக்குச் சிவந்த ரூடால்ஃப் எண்டு அழுவாள். அவளோடை படிச்ச சாமிப் பெட்டை, சாமி எண்டால் இஞ்சத்தைப் பழங்குடிச் சனம், வீட்டிலை ரெயின்டீர் மேய்க்கிற குடும்பம், அதையே சாண்ட்விச்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு வருவாள். அந்தப் பிள்ளைக்கு அதின்ரை குணமெல்லாம் தெரியும், தன்ரை மந்தையின்ரை காதுக்குறியும் தெரியும். என்ரை பிள்ளைக்குத் தெரிஞ்சது கார்ட்டூன்.

கொங்குப் பண்ணை:

குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. நாங்க வெண்பன்னி வளக்கறோம்ங்க. ஒரு தாய்ப்பன்னி, கொட்டகைக் கதவுக் கொண்டியை மூக்கால தூக்கித் திறக்கப் பழகிருச்சு. கம்பி வெச்சுக் கட்டுனா கம்பி முறுக்கையும் பிரிச்சுரும். அதும் நான் இருக்கறப்பத் திறக்காது, டீ குடிக்கப் போனாத்தான். அமெரிக்காவுல பன்னிக்கு ஜாய்ஸ்டிக் குடுத்து விளையாட்டுப் பழக்குனாங்கன்னு 2021ல சேதி வந்துச்சு. புத்திதான் அளவுகோல்னா, மொதல்ல என் தொழிலைத்தான் மூடோணும். கடல்ல கெடக்கறதுக்கு இத்தன பேரு கண்ணு கசக்கறீங்க, பன்னின்னா மட்டும் திட்டறதுக்கு ஒரு வார்த்தை.

அதுக்கு ராணின்னு பேரு வெச்சிருந்தேன். வண்டி ஏத்துன அன்னிக்கு நான் தோட்டத்துல இல்லீங்க, வேணும்னேதான் போயிட்டேன். அதுக்கப்புறம் பேரு வெக்கறதை நிறுத்திட்டேன். பன்னியை நிறுத்தல.

தொண்டிக்காரன்:

பண்ணைக்காரரே, குறுக்கே இல்லை, நேராகத்தான் வந்திருக்கிறீர்கள். தோட்டத்தில் இல்லாமல் போனதும், அங்கிட்டு பார் என்று அப்பத்தா சொன்னதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

சங்குகுளித் தம்பிக்கு ஒன்று. நம் கடலில் ஆவுளியாவுக்கு இடம் ஒதுக்கிய அதே 2022ல் பிரிட்டனில் ஒரு சட்டம் போட்டு, கணவாய் வகையையும் நண்டு, சிங்கி இறாலையும் வலி உணரும் பிராணிகள் கணக்கில் சேர்த்தார்கள். அழுக ஆளில்லை என்றாயே, தாளிலாவது ஆள் இருக்கிறது. தின்பதை அங்கே யாரும் நிறுத்திவிடவில்லை, அது வேறு.

நேற்று ஊசிக்கணவாய் வாங்கி வந்தாள் வீட்டுக்காரி. சுத்தம் செய்யும்போது கண்ணைப் பிதுக்கி எடுப்பாள் அல்லவா, முதல் தடவையாக நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். ஆவுளியாவின் கண்ணைவிட அது பெரிதாகத்தான் தெரிந்தது. அவள் “என்ன, வேணாமா?” என்றாள். சாப்பிட்டேன். கொஞ்சம் குறைவாக.

வடகடல் அக்கா:

சங்குகுளித் தம்பி, கதையைப் பாதியிலை விட்டிட்டீர். அந்தத் தாயை எடுத்தனீரோ, விட்டனீரோ?

சங்குகுளி:

எடுத்தேன்க்கா. அன்னைக்கு சங்கு ஒண்ணுகூட இல்ல, வள்ளத்துக்கு டீசல் கடன்.

முட்டையத் தொடல. அத அப்படியே விட்டுட்டு வந்தத ரொம்ப நாளு பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தாய் பக்கத்துல இருந்து ராத்திரி பகலா தண்ணிய ஊதி ஊதி விட்டு, அழுக்கத் தொடச்சுக்கிட்டே இருந்தாத்தான் அது பொரியுமாம். அந்த நேரத்துல எரைக்குக்கூட வெளிய போகாதாம். பொரிஞ்சதும் அது செத்துடுமாம். பையன் அதையும் போன்லதான் காட்டுனான்.