மாலை வகுப்புக்குக் காற்றாடி: மொட்டை மாடி வேண்டாம், கம்பம் நடுவோம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நம் நூலகத்து மாலை வகுப்புக்கு மின்சாரம் எடுக்க ஒரு சின்னக் காற்றாலை (நாம் சொல்லும் காற்றாடி) வைக்கலாம் என்று பாலிடெக்னிக் முடித்த தம்பிகள் அனுப்பிய வரைபடத்தையும், அதற்கு மஸ்கட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பதில்களையும் படித்தேன். முப்பந்தலில் 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகள் நிற்கின்றன. நம் நூலகத்து மாலை வகுப்போ கரண்ட் போனால் மெழுகுவத்தி தேடுகிறது என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். உண்மையிலேயே உறுத்தியது. ஆக்கர் கடை (பழைய இரும்புக் கடை) சாமான்களை வைத்து நாமே ஒரு காற்றாடி செய்யலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படத்தில் அது நூலக மொட்டை மாடியில், ஆள் உயரக் குழாயில் நிற்கிறது. அதை மட்டும் மாற்றச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் இருக்கும் போர்ட் எலிசபெத்தும் (இப்போது கெபெர்கா) காற்றுக்குப் பேர்போன ஊர்தான். வருடம் முழுக்க மேற்கும் தென்மேற்கும், கோடையில் கிழக்குக் காற்றும் மாறி மாறி அடிக்கும். கொஞ்சம் மேற்கே ஜெஃப்ரீஸ் பேயில் 60 காற்றாலைகள் 138 மெகாவாட் கொடுக்கின்றன. அப்படியும் 2022, 2023-இல் லோட் ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) ஆறாம் கட்டத்துக்குப் போனபோது ஒரே நாளில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கூட இருட்டில் இருந்தோம். அந்த நாளில்தான் மலபாரில் நண்பர் ஒருவரின் பட்டறையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு காற்றாடி கட்டினோம். மலபார் என்பது இங்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பகுதி. அன்றைய நிறவெறி அரசாங்கம் சவுத் எண்ட் என்ற பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த இடம். நண்பரின் பாட்டனார் காலத்தோடு வீட்டில் தமிழ்ப் பேச்சு நின்றுவிட்டது. ஆனாலும் பாட்டியை ‘ஆயா’ என்றுதான் கூப்பிடுவார். வெல்டிங்கில் கைதேர்ந்த மனிதர்.

அங்கே அக்கம்பக்கத்தில் ஒருவர் கடையில் வாங்கிய காற்றாடியைக் கூரைமேல் வைத்திருந்தார். அது நன்றாகத்தான் சுற்றும். பேட்டரியில் மட்டும் ஒன்றும் ஏறாது. ராத்திரியெல்லாம் கூரை உறுமியதுதான் கண்ட பலன்.

காரணம் எளிது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் சக்தி எட்டு மடங்கு. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். எந்த இறக்கையாலும் காற்றில் இருப்பதில் 59 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார். நாம் கையால் செய்வது இருபது, இருபத்தைந்து சதவீதம் எடுத்தாலே நல்ல வேலை. அப்படிப் பார்த்தால் 1.8 மீட்டர் விட்டமுள்ள காற்றாடிக்கு வினாடிக்கு 6 மீட்டர் காற்றில் சுமார் 80 வாட் வரும். எல்.இ.டி. விளக்குகளுக்கும் ஒரு மின்விசிறிக்கும் அது போதும். அதே காற்றாடி 3 மீட்டர் காற்றில் பத்து வாட் கொடுத்தால் பெரிது. மொட்டை மாடியில் கிடைப்பது கைப்பிடிச் சுவரில் முட்டிச் சுழன்று, சீரில்லாமல் வரும் காற்று. அது வேகத்தையும் குறைக்கும், பேரிங்கையும் தின்னும்.

சுற்றி நூறு மீட்டருக்குள் என்ன இருக்கிறதோ அதைவிட ஒன்பது பத்து மீட்டர் உயரத்தில் இறக்கை இருக்க வேண்டும் என்பது இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்லும் கணக்கு. நூலகத்தைச் சுற்றித் தென்னந்தோப்பு. அதைத் தாண்டுவது நம்மால் ஆகாது. குளத்துக்கரைக்கு மேற்கே உள்ள பொட்டலில் நட்டுவிட்டுக் கேபிள் இழுப்போம். பேட்டரியை 12 வோல்ட்டில் வைக்காமல் 48 வோல்ட்டில் வைத்தால் தூரத்துக் கேபிளில் இழப்பு குறையும்.

எங்களுக்குக் கம்பம் கரூவிலிருந்து கிடைத்தது. கரூ என்பது இங்கே உள்நாட்டு வறண்ட பூமி. ஆட்டுப் பண்ணைக்குப் பண்ணை, பல இறக்கை வைத்த காற்றுப் பம்பு ஒன்று கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நிற்கும். இப்போது பல பண்ணைகளில் சோலார் பம்பு வந்து, பழைய கோபுரங்கள் இரும்பு விலைக்குப் போகின்றன. நம் ஊர்ப் பக்கமும் பழைய சின்னக் காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியதாக வைக்கிறார்களே, அங்கே விசாரித்தால் போல்ட், கேபிள், ஸ்டே கம்பி (கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி) எல்லாம் கிடைக்கும். கம்பத்தின் அடியில் கீல் வைத்து, நாலு பக்கமும் ஸ்டே கட்டி, வின்ச்சால் சாய்த்து இறக்கும்படி செய்யுங்கள். பேரிங்குக்குக் கிரீஸ் வைக்க யாரும் மேலே ஏறக் கூடாது.

சரி, இறக்கை சுற்றும்போது கரண்ட் எடுத்துத் தரும் மோட்டார். பழைய கார் ஆல்டர்னேட்டர் வேண்டாம். அது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்றினால்தான் உருப்படியாகக் கரண்ட் தரும், காற்றாடி அந்த வேகத்தில் சுற்றாது. சீலிங் ஃபேனில் காந்தம் ஒட்டும் வீடியோக்களையும் விட்டுவிடுங்கள், நமக்குப் போதுமான அளவு வராது. பெல்ட் இல்லாத வாஷிங் மெஷினின் வட்ட மோட்டார்தான் தங்கம். வெளிவட்டத்தில் நிலைக்காந்தம், உள்ளே இரும்புப் பற்களில் சுற்றிய செம்புச் சுருள். எங்களுக்குக் கிடைத்ததில் 36 சுருள், மூன்று கட்டம் (த்ரீ ஃபேஸ்), கட்டத்துக்குப் பன்னிரண்டு வரிசையாக. அப்படியே ஓட்டினால் வோல்டேஜ் மிக அதிகமாகவும் கரண்ட் மிகக் குறைவாகவும் வரும். நாலு நாலு சுருளாக வெட்டி, கம்பி நுனியில் எனாமலைச் சுரண்டி, மூன்று கூட்டத்தையும் இணையாகச் சேர்த்துப் பற்றவைத்தால் வோல்டேஜ் மூன்றில் ஒன்றாகும், தாங்கும் கரண்ட் மூன்று மடங்காகும். இரும்புப் பல்லைக் காந்தம் இழுப்பதால் கையால் சுற்றும்போது கடகடவென்று தட்டும். பற்களின் ஓரத்தை அரத்தால் லேசாக உருட்டினால் அந்தப் பிடி தளர்ந்து மெல்லிய காற்றிலும் கிளம்பும்.

இணைத்து முடித்ததும் ஒன்று செய்து பாருங்கள். காந்த வட்டைக் கையால் சுற்றிவிட்டு, வெளியே வரும் மூன்று கம்பிகளையும் ஒன்றாகத் தொடவையுங்கள். வட்டு சேற்றில் மாட்டியதுபோல் இறுகிவிடும். அதுவேதான் பிரேக். கம்பத்தடியில் ஒரு பெரிய சுவிட்ச் வைத்து மூன்றையும் சேர்க்கிற மாதிரி வையுங்கள். ஆனால் புயல் காற்றில் முழு வேகத்தில் சுற்றும்போது இதை நம்ப முடியாது, சுருள் கருகிவிடும். காற்று முற்றும் முன்பே நிறுத்திவிட வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரியை மட்டும் கழற்றவே கூடாது. கரண்டை இழுத்துக்கொள்ளும் பாரம் போன காற்றாடி தறிகெட்டு ஓடும். பேட்டரி நிறைந்ததும் மிஞ்சும் கரண்ட் ஒரு ஹீட்டர் காயிலுக்குப் போகும்படி கண்ட்ரோலர் வைப்பதும் இதற்காகத்தான்.

இறக்கைக்கு பி.வி.சி. குழாய் சுலபம்தான். ஆனால் நம் வெயிலில் வருடம் போகப்போக நொறுங்கும். 1.8 மீட்டர் காற்றாடி நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றினால் இறக்கை நுனி மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் போகும். மாலை வகுப்புப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் உடைந்த துண்டு அந்த வேகத்தில் பறக்க நான் சம்மதிக்க மாட்டேன். முடிச்சில்லாத மரத்தில் செதுக்குங்கள், நம் ஆசாரிமாருக்கு இது புது வேலை அல்ல. மூன்று இறக்கையும் ஒரே எடை, ஒரே அளவு.

வால்தான் உயிர்நாடி. ஸ்காட்லாந்தில் ஸ்கோரெய்க் என்ற ஒதுங்கிய ஊரில் ஹியூ பிகாட் என்பவர் பல காலமாகச் செய்து, உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் முறை இது. காற்றாடியின் மையத்தைக் கம்பத்துக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும். வாலைச் சாய்வான கீலில் மாட்ட வேண்டும். காற்று அளவுக்கு மீறினால் காற்றாடியின் முகம் தானாகக் காற்றைவிட்டுத் திரும்பிக்கொள்ளும், வால் மேலேறி மடங்கும். காற்று தணிந்ததும் வால் தன் எடையாலேயே இறங்கிப் பழைய நிலைக்கு வரும். கரூவின் காற்றுப் பம்புகளிலும் இதே யோசனைதான், எடைக்குப் பதில் ஸ்பிரிங். ஆடிக் காற்றில் நம் கணவாய் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வால் மடங்காத காற்றாடியை அங்கே நிறுத்தவே கூடாது.

வைகாசியிலிருந்து ஆவணி வரை நமக்குக் காற்று கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் படுத்துவிடும். அதனால் அதே பேட்டரிக்கு ஒரு சோலார் பலகையும் சேர்த்தே திட்டம் போடுங்கள். மஸ்கட் அண்ணாச்சி தருவதாகச் சொன்ன பணத்தைக் கம்பத்துக்கும் அடித்தளக் கான்கிரீட்டுக்கும் ஒதுக்குங்கள், மோட்டார் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். தம்பிகள் இந்தச் சாரலில் பொட்டலில் ஒரு கம்பில் காற்றுமானி கட்டி, காலையும் மாலையும் நோட்டில் குறித்து இங்கே போடுங்கள். வால் கீலின் சாய்வுக்கும் இறக்கையின் முறுக்குக்கும் நாங்கள் வைத்த அளவுகளைத் தனி மடலில் அனுப்புகிறேன். நாகர்கோவில் ஆக்கர் கடைகளில் அந்த வட்ட மோட்டார் என்ன விலைக்குப் போகிறது என்று யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.