மறு: ‘வொர்க் ஆத்தரைசேஷன்’ – வேலை அனுமதியா, வேலையுரிமையா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

‘வொர்க் ஆத்தரைசேஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டுப் போன வாரம் நான் தொடங்கிய இழைக்குப் பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: நான் நியூ ஜெர்சியில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தமிழர் நடத்தும் உணவகங்கள், மளிகைக் கடைகளில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஐ-9 படிவத்தைப் (வேலைக்குச் சேருபவர் அமெரிக்காவில் வேலை செய்யலாமா என்று முதலாளி சரிபார்க்கும் அரசுப் படிவம்) பற்றிப் பயிற்சி கொடுக்க ஒரு தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். படிவத்தை ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும் (ஸ்பானிய வடிவம் புவேர்ட்டோ ரிக்கோவில் மட்டும் செல்லும்). ஆனால் நிரப்புகிறவர் தலைக்குள் ஓடுவது தமிழ். அந்தத் தமிழ் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

> ‘வேலை அனுமதி’ என்று எளிய சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? சிங்கப்பூரில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறோம்.

ஐயா, சிங்கப்பூருக்கு அது கச்சிதமான சொல். அங்கே முதலாளி மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்கிறார், ஊழியருக்கு அட்டை வருகிறது, அந்த அட்டை அந்த முதலாளியோடு பிணைந்தது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது தேவையே இல்லை. ஆக, ‘அனுமதி’ என்பது வெளிநாட்டு ஊழியருக்கு மட்டும் உரிய ஒரு பொருளின் பெயர்.

அமெரிக்காவில் கதை வேறு. 1986 நவம்பர் 6-ஆம் தேதி ரீகன் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஐ-9 உண்டு. டெக்சாஸில் ஏழு தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பிள்ளையும் நிரப்பியாக வேண்டும். முதல் பிரிவில் ஊழியர் தன்னைப் பற்றி உறுதி கூற நான்கு கட்டங்கள் இருக்கின்றன: குடிமகன், குடிமகன் அல்லாத அமெரிக்க நாட்டவர் (அமெரிக்க சமோவாவில் பிறந்தவர்கள் போல), சட்டப்படி நிரந்தரவாசி, வேலை செய்ய அங்கீகாரம் பெற்ற அயல்நாட்டவர். இந்த நான்கில் அங்கீகாரம் என்ற பேச்சே நான்காவதில் மட்டும்தான் வருகிறது. அதிலும் அகதிக்கும் தஞ்சம் பெற்றவருக்கும் வேலை செய்யும் உரிமை அவர்களுடைய நிலையோடேயே வந்துவிடுகிறது, தனியாக அட்டை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நான்கு பேரையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல் நமக்கு வேண்டும். அதை ‘வேலை அனுமதி’ என்று போட்டால், கையேட்டைப் படிக்கிற மேலாளர் ஊழியரிடம் தேடப்போவது ஓர் அனுமதிச் சீட்டை.

இது வெறும் சொல் தகராறு இல்லை. கடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். திங்கட்கிழமை ஒரு சமையல்காரர் சேருகிறார். முதல் பிரிவை அன்றைக்கே நிரப்பிவிட்டார், மூன்றாவது கட்டத்தில் குறி. இரண்டாம் பிரிவை மேலாளர் மூன்று வேலை நாளுக்குள், அதாவது வியாழனுக்குள் முடிக்க வேண்டும். ஊழியர் ஓட்டுநர் உரிமத்தையும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் மேசையில் வைக்கிறார். மேலாளர் மூன்றாவது கட்டத்தைப் பார்க்கிறார். “இது போதாதுங்க, கிரீன் கார்டைக் கொண்டுவாங்க” என்கிறார். கவனமாக இருக்கிறோம் என்றுதான் அவர் நினைக்கிறார். ஆனால் சட்டம் அங்கேதான் மீறப்படுகிறது. எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது ஊழியரின் விருப்பம்: ஏ பட்டியலில் (அடையாளம், வேலை செய்யும் உரிமை இரண்டையும் காட்டுபவை) ஒன்று, அல்லது பி-யில் (அடையாளம் மட்டும்) ஒன்றும் சி-யில் (வேலை செய்யும் உரிமை மட்டும்) ஒன்றும். இவர் கொடுத்தது பி-யும் சி-யும். அவை உண்மையானவையாக, அவருடையவையாகத் தோன்றினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நிரந்தரவாசி என்பதாலேயே கிரீன் கார்டைக் கேட்பது பாகுபாடு. நீதித் துறையின் சிவில் உரிமைகள் பிரிவில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது.

சரி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையின் முகத்தில் ‘உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அங்கீகாரம் இருந்தால் மட்டுமே வேலைக்குச் செல்லும்’ என்ற பொருளில் ஒரு வரி அச்சாகியிருந்தால்? அந்த அட்டை சி பட்டியலில் ஏற்கத்தக்கதல்ல. அப்போதும் மேலாளர் செய்ய வேண்டியது பட்டியல் தாளைக் கையில் கொடுத்து, “இதில் இருக்கிற வேறு எதையாவது காட்டுங்க” என்பதுதான். இன்னதைக் கொண்டுவா என்று பெயர் சொல்லக் கூடாது. பயிற்சியில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த ஒரு இடத்தில்தான். படிவம் தவறினால் அபராதம், ஒவ்வொரு படிவத்துக்கும் நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். அதற்குப் பயந்து கூடுதலாகக் கேட்டாலும் வழக்கு. இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும்போது, சொல்லே ஒரு பக்கம் தள்ளிவிடக் கூடாது.

ஆகவே என் பரிந்துரை: பொதுச்சொல் ‘வேலையுரிமை’. ‘வேலை அனுமதி’யை ஈஏடி என்னும் வேலை அங்கீகார அட்டை போன்றவற்றுக்கும், குறிப்பிட்ட முதலாளிக்கென்று கிடைக்கும் எச்-1பி விசா போன்ற ஏற்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். முதல்முறை வரும் இடத்தில் ‘இந்நாட்டில் வேலை செய்யும் உரிமை’ என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்கிறேன்.

> ‘வேலையுரிமை’ என்றால் அரசு எனக்கு வேலை தர வேண்டும் என்ற உரிமை ஆகாதா? நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கிய காலத்தில் மேடைகளில் அந்தப் பொருளில்தான் பேசினார்கள்.

அக்கா, நியாயமான கேள்வி. இந்திய அரசமைப்பின் 41-ஆவது பிரிவு சொல்லும் வேலை உரிமையும் அதே பொருள்தான். ஆனால் ஆள் சேர்க்கும் மேசையில் அந்தப் பொருள் யாருக்கும் தோன்றாது, சூழல் காப்பாற்றிவிடும். பிரிட்டனில் இதே சரிபார்ப்புக்கு ‘ரைட் டு வொர்க்’ என்றுதான் பெயர். உரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் 2024 பிப்ரவரி முதல் முதல் தவறுக்கே 45,000 பவுண்டு வரை அபராதம். லண்டனில் கடை வைத்திருக்கும் ஈழத்து நண்பர்களுக்கும் நம் சொல் அப்படியே உதவும். அமெரிக்க ஆங்கிலத்தில் அதே தொடர் தொழிற்சங்கச் சந்தா பற்றிய மாநிலச் சட்டங்களைக் குறிக்கிறது என்பதால் இங்கே ஆங்கிலத்தில் அதைச் சொல்ல முடியாது. தமிழில் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை.

‘பணித்தகுதி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது படிப்பு, அனுபவம் பக்கம் இழுக்கிறது. ‘தகைமை’யும் அப்படியே.

அடுத்து ‘இமிகிரேஷன்’. இலங்கையில் குடிவரவு, சிங்கப்பூர் மலேசியாவில் குடிநுழைவு, தமிழ்நாட்டில் குடியேற்றம். மூன்றில் எது என்றாலும் எனக்குச் சம்மதம். நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: தமிழ்நாட்டு நாளிதழ்களில் விமான நிலையச் செய்தி வரும்போதெல்லாம் ‘குடியுரிமை அதிகாரிகள்’ என்று எழுதும் வழக்கத்தைக் கையேட்டுக்குள் விட வேண்டாம். குடியுரிமையையும் வேலையுரிமையையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் மேலாளர்கள் விழும் முதல் குழி. “நீங்க சிட்டிசனா?” என்று நேர்காணலில் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் ‘குடிவரவு விதிகள்’ என்று எழுதுகிறேன். குடியேற்றம் என்றால் நிரந்தரமாகத் தங்க வந்தவர் என்று ஆகிறது; ஓபிடியில் (வெளிநாட்டு மாணவர் தன் படிப்போடு தொடர்புடைய வேலை பார்க்கக் கிடைக்கும் ஏற்பாடு) ஒரு வருடம் வேலை பார்க்கும் மாணவர் அதில் அடங்க மாட்டார்.

> ஈ-வெரிஃபை தரும் ‘டென்டேட்டிவ் நான்கன்ஃபர்மேஷன்’ – தற்காலிக நிராகரிப்பு.

இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். ஈ-வெரிஃபை என்பது ஐ-9 விவரத்தை அரசுப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இணையச் சேவை. அந்தப் பதில் வந்தால் அரசுப் பதிவேட்டோடு விவரம் ஒத்துப்போகவில்லை என்று மட்டுமே பொருள். நம் ஆட்களுக்கு இது எப்படி வருகிறது என்று தெரியும்: கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, விசாவில் முதல் பெயருக்குப் பதில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), சோஷியல் செக்யூரிட்டியில் அப்பா பெயர் வேறொரு வரிசையில். திருமணத்துக்குப் பிறகு பெயர் மாற்றி, பதிவேட்டில் மாற்றாமல் விட்ட பெண்களும் உண்டு. மேலாளர் அதைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும், அறிவிப்புத் தாளைக் கொடுக்க வேண்டும். ஊழியர் எதிர்த்து முறையிட முடிவு செய்தால், சம்பந்தப்பட்ட அலுவலகத்தை அணுக எட்டு அரசு வேலை நாள் உண்டு. அது தீரும்வரை அவரை நீக்கவோ, ஷிஃப்டைக் குறைக்கவோ, பயிற்சியை நிறுத்தவோ கூடாது. ‘நிராகரிப்பு’ என்று தமிழில் படித்த மேலாளர் அன்று மாலையே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ‘பொருந்தாமை’ என்று வைக்கலாம். ஈ-வெரிஃபை தரப்பே இப்போது அந்தத் தொடரோடு ‘மிஸ்மேட்ச்’ என்றும் சேர்த்துச் சொல்கிறது.

‘ரீவெரிஃபிகேஷன்’ (காலக்கெடு உள்ள வேலையுரிமையை அது முடியும் நேரத்தில் மறுபடி பார்ப்பது) = மறுசரிபார்ப்பு. இதில் யாருக்கும் மறுப்பு இல்லை என்று நினைக்கிறேன். அமெரிக்கக் கடவுச்சீட்டும் கிரீன் கார்டும் காலாவதியானாலும் மறுசரிபார்ப்பு கிடையாது என்ற குறிப்பை மட்டும் அதே வரியில் சேர்த்துவிடுகிறேன்.

கடைசியாகப் பயிற்சியின் பெயர். ‘குடிவரவு இணக்கப் பயிற்சி’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். வரி இணக்கம் போல அலுவலகத் தமிழில் ‘இணக்கம்’ ஊன்றிவிட்டது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கல்லாவில் நிற்பவருக்கு இணக்கம் என்றால் அனுசரித்துப் போவது. இங்கே அவர் கற்பது ஒரு வேலை: எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, எத்தனை நாளுக்குள், படிவத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பது (சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு, அல்லது விலகிய நாளிலிருந்து ஓராண்டு, எது பிந்தியதோ அதுவரை). எனவே ‘வேலையுரிமைச் சரிபார்ப்புப் பயிற்சி’ என்று போடுகிறேன்.

ஒரு சொல் இன்னும் கிடைக்கவில்லை. முதலாளி தன் சார்பில் ஆவணம் பார்க்க யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம், அவர் செய்யும் தவறுக்கும் முதலாளியே பொறுப்பு. ‘அதிகாரம் பெற்ற பிரதிநிதி’ என்று எழுதிப் பார்த்தேன். ‘அதிகாரம்’ வந்தவுடன் அரசு ஆள் போல ஒலிக்கிறது. ‘முதலாளியின் சார்பாளர்’ எப்படி இருக்கிறது? ஈழத்து நண்பர்கள் ‘சார்பாளர்’ என்பதை வேறு பொருளில் ஆள்கிறீர்களா என்று சொன்னால், அதைப் பார்த்து இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்தி இங்கேயே அனுப்புகிறேன்.

அன்புடன்.